கையெழுத்துப் போடக் கற்றதும் வகுப்பை விட்டு நின்றுவிடுகிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி
எழுதியவர்: கண்டனூர் முகப்பு வகுப்பு

வணக்கம். காரைக்குடியை அடுத்த கண்டனூரில், எங்கள் பூர்வீக வீட்டின் முகப்பில், பங்காளிகள் அனைவரிடமும் ஒப்புதல் பெற்றுக்கொண்டு ஐந்து மாதங்களாக மாலை வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். சென்னையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவள் நான். ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்லள். ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீட்டில் இத்தனை பெரிய முகப்பும் திண்ணையும் வெறுமையாக இருக்க, அடுத்த தெருவில் பேருந்துப் பலகையைப் படிக்கத் தெரியாமல் பிறரைக் கேட்டு ஏறுகிற பெண்கள் இருக்கிறார்களே என்ற எண்ணம்தான் இதைத் தொடங்க வைத்தது.

வாரத்தில் 4 நாள், மாலை 6.30 முதல் 7.45 வரை வகுப்பு. தொடங்கும்போது 19 பெண்கள் வந்தார்கள். வயது 33 முதல் 62 வரை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், புதுவயல் அரிசி ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள், கலியாணச் சமையலில் மேல்வேலைக்குப் போகிறவர்கள், பெரிய வீடுகளைக் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், வீட்டிலிருந்தபடி ஓலைக் கொட்டான் முடைபவர்கள் எனப் பலரும் இருந்தார்கள். அவர்களோடு ஒட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் 12 பேரும் வந்தார்கள்.

முதல் ஆறு வாரங்களில் ஏறக்குறைய எல்லோரும் தம் பெயரை எழுதக் கற்றுவிட்டார்கள். தம் பெயரை முதன்முதலாகத் தம் கையால் எழுதிய ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவர், அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனதை நான் மறக்க மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகுதான் ஒவ்வொருவராக நிற்கத் தொடங்கினார்கள். இப்போது வருபவர்கள் 8 பேர். நின்றவர்களின் வீடுகளுக்கே போய்க் கேட்டேன். “வங்கியில் இனி விரலில் மை தேய்க்க வேண்டியதில்லை, எனக்கு அது போதும் ஆச்சி” என்றார் ஒருவர். “மகன் வாட்ஸப்பில் பேசி அனுப்புகிறான், நானும் பேசி அனுப்புகிறேன், இதில் எழுத்து எதற்கு?” என்றார் இன்னொருவர், அவருக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு மூன்று பேர் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று சாக்குச் சொல்கிறார்கள்.

பிள்ளைகளின் நிலை வேறு வகையில் கவலை தருகிறது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் பாடத்தைப் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டே ஒப்பிக்கிறான். அதே பாடத்தில் உள்ள சொற்களை இடம் மாற்றி ஒரு தாளில் நான் எழுதிக் கொடுத்தால், முதல் எழுத்திலேயே திகைத்து நிற்கிறான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09, ஆண்களில் 86.77, பெண்களில் 73.44. பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எழுத்து எட்டவில்லை என்பதை நான் எண்ணாக முன்பே படித்திருக்கிறேன். முகங்களாக இப்போதுதான் பார்க்கிறேன். எங்களுக்குப் பக்கத்தில்தான் கோட்டையூர் இருக்கிறது. பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா அங்கே தம் வீட்டில் சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும்தான், அவர் 1992 இல் மறைந்த பிறகு சென்னைக்குச் சென்று ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. அப்படிப்பட்ட ஊருக்கு அருகில் இருந்துகொண்டு, கடைப் பலகையைப் படிக்க முடியாதவர்களை அப்படியே விட்டுவிட மனம் ஒப்பவில்லை.

நின்றுபோனவர்களை மீண்டும் வரவழைக்க வழி உண்டா, பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைத்திருப்பது சரிதானா, அகர வரிசையை விட்டு வேறு எங்கிருந்து தொடங்கலாம் என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1
எழுதியவர்: இராயவரம் அறிவொளி

அம்மா, வணக்கம். 1991 இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, நான் கல்லூரியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓராண்டுக்கு மேல் தொண்டராக இருந்து பாடம் நடத்தினேன். உங்கள் கடிதத்தில் முதலில் என்னை நிறுத்தியது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று அவர்கள் சொல்வது சாக்கு அன்று. நாற்பது வயதைத் தாண்டியவருக்குக் கிட்டத்தில் உள்ளது மங்கும். அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்றே பெயர். படிக்கத் தெரிந்தவர், எழுத்து மங்கத் தொடங்கியதும் கண்ணாடி தேடிப் போவார். எழுத்தைத் தெளிவாக ஒருநாளும் பார்த்திராதவருக்கு அது மங்கலாக இருக்கிறது என்பது எப்படித் தெரியும்? தம் மண்டையில்தான் ஏறவில்லை என்று எண்ணி அவர் நின்றுவிடுவார். எங்கள் வகுப்பில் ஒரு முதிய பெண் கரும்பலகையில் இருப்பதைப் படித்துவிடுவார், மடியில் உள்ள புத்தகத்தைப் படிக்கமாட்டார். அவர் பலகையைப் பிறர் சொல்லக் கேட்டு ஒப்பிக்கிறார் என்று மூன்று மாதம் தவறாக நினைத்தோம். அதற்காக இன்றும் வருந்துகிறேன். ஆகவே பாடத்திட்டத்தை மாற்றுவதற்கு முன்னால், மதுரை அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் உங்கள் பகுதியில் முகாம் நடத்தும் நாளைக் கேட்டறிந்து, நின்றுபோனவர்கள் உட்பட 19 பேரையும் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை, ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு விரல் உயரத்துக்குக் குறையாமல், பெரிய அட்டையில் எழுதிக் காட்டுங்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருந்தவர் என்பதால் இதை எளிதில் ஏற்றுக்கொள்வீர்கள். அன்றைய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் முறைப்படி அதன் மூன்று பாடநூல்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 200 மணி நேரம் தேவைப்பட்டது. அந்தக் காலத்தின் முடிவில் கற்பவர் நிமிடத்துக்கு 30 சொற்களை வாய்விட்டுப் படிக்கவும், 7 சொற்களைப் பார்த்து எழுதவும், சொல்லக் கேட்டு 5 சொற்களை எழுதவும் வேண்டும் என்று அளவு வைத்திருந்தார்கள். உங்கள் வகுப்பு வாரத்துக்கு 5 மணி நேரம். அப்படியானால் 40 வாரங்கள் ஆகும், அதுவும் ஒருவர் ஒருநாளும் விடுபடாமல் வந்தால். கதிரறுப்பு, அம்மன் கோயில் காப்புக் கட்டு, கலியாண மாதங்கள் ஆகியவற்றைக் கழித்தால் ஓராண்டைத் தாண்டும். ஐந்து மாதத்தில் பெயர் எழுத வந்தது உங்கள் தோல்வியைக் காட்டுவது அன்று. ஏறத்தாழப் பாதித் தூரம் கடந்திருக்கிறீர்கள் என்பதையே காட்டுகிறது. இதைக் கற்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். வேலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் உழைக்கத் தயங்காதவர்கள் அவர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அறிவொளியின் முதல் பாடம் அ, ஆ அன்று. “பட்டா, படி” என்பதுதான். இந்த இரண்டு சொற்களைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் பின்னாளில் மேலும் மேலும் வியந்திருக்கிறேன். ‘ப’, ‘ட’ இரண்டும் நேர்கோடுகளால் ஆனவை; களைக்கொத்து பிடித்த கைக்குச் சுழியைவிடக் கோடு எளிதாக வரும். இரண்டே எழுத்துகளில் புள்ளியும், துணைக்காலும், இகரக் குறியும் அறிமுகமாகிவிடுகின்றன. அதற்கு மேலாக, பட்டா என்ற சொல்லைச் சொன்னதும் வகுப்பில் பேச்சு எழும்: யார் பெயரில் இருக்கிறது, ஏன் பெண்கள் பெயரில் இல்லை, எங்கே போய்க் கேட்பது என்று அரைமணி நேரம் பேசுவார்கள். பேசி முடித்த பிறகு அந்தச் சொல்லை எழுதினால் கை அதை விடாது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயர் 1963 இல் அங்கிக்கோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்ததும், அவர்கள் வாழ்வில் கனம் பெற்ற சொற்களைக் கொண்டுதான். உங்கள் வகுப்புக்கு உரிய சொற்களை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கொட்டான், ஓலை, ஊருணி, கண்மாய், கூலி, தவணை, வட்டி, நெல், உமி, ஆலை ஆகியவற்றில் எத்தனை எழுத்துகள் அடங்கிவிடுகின்றன என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்.

எண்ணையும் எழுத்துக்கு முன்பாகவோ எழுத்தோடு சேர்த்தோ எடுங்கள். உங்கள் பெண்கள் வட்டியையும் கூலியையும் மனத்தில் கணக்கிடக் கூடியவர்கள். அந்த இடத்தில் அவர்கள் மாணவர்கள் அல்லர். செட்டிநாட்டிலிருந்து, கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய சிறுவர்கள், பதினாறில் ஒன்றான மாகாணியையும் முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரியையும் வாய்ப்பாடாகச் சொல்லிப் பழகியபின், கடையில் உண்மையான பேரேட்டின் முன் உட்கார்ந்துதான் தொழிலைக் கற்றார்கள். அந்தப் பயிற்சி அன்று பெண்களுக்குக் கிடைக்கவில்லை. இன்று அதே முகப்பில் கிடைக்கட்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இது எங்கள் தலைமுறை செய்த தவறு. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது எழுந்த அந்த இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். மிதிவண்டி அவர்களிடம் தங்கியது. ஏனென்றால் தண்ணீர்க் குடம், பிள்ளையின் பள்ளி, சந்தை என்று அதை ஓட்ட வேண்டிய தேவை நாள்தோறும் இருந்தது. எழுத்தோ பலரிடம் தங்கவில்லை. 1992 இல் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபின் தொண்டர்கள் கலைந்தோம். படிப்பதற்கு அடுத்த புத்தகம் யார் வீட்டுக்கும் வரவில்லை. நம் இரு மாவட்டங்களிலும் இயக்கம் நடந்தது, அது 15 முதல் 35 வயதினரை முதன்மையாகக் கருதியது. ஆகவே உங்கள் வகுப்பில் இன்று ஐம்பது வயதைத் தாண்டியிருப்பவர்களில் சிலர் அப்போது கற்று மறந்தவர்களாக இருக்கலாம். தனியாகக் கேட்டுப் பாருங்கள், பலர் முன்னிலையில் சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய எழுத்து விரைவில் திரும்பி வரும்.


மறுமொழி 2
எழுதியவர்: முன்னாள் வங்கி எழுத்தர், காரைக்குடி

ஆச்சி அவர்களுக்கு வணக்கம். பெயர் எழுத வந்ததோடு போதும் என்று சொன்னவருக்கு, வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் என் சார்பாக ஒரு செய்தியைச் சொல்லுங்கள். கைரேகை வைப்பவர் கடன் பத்திரத்துக்கு வந்தால், அதை அவருக்குப் படித்துக் காட்டிப் பொருள் விளக்கியதாக ஒரு குறிப்பும், அதற்குச் சாட்சியின் ஒப்பமும் வாங்குவது எங்கள் வழக்கம். கையெழுத்துப் போடுகிறவருக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியும் என்றே பத்திரம் எடுத்துக்கொள்கிறது. படிக்கத் தெரியாமல் பெயர் மட்டும் எழுதத் தெரிந்தவர், தமக்கு இருந்த அந்தச் சிறு பாதுகாப்பையும் தம் கையாலேயே விலக்கிவிடுகிறார். வீட்டு வாசலுக்கு வந்து கடன் கொடுக்கிறவர்களின் தாள்களில், தவணை எத்தனை, வட்டி எவ்வளவு, பிணை நின்றது யாருக்கு என்று தெரியாமல் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் எங்களிடம் வந்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பே 7 வயது நிறைந்தவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் முடிந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர் என்று எண்ணுகிறது. பெயர் எழுதுவது அந்தக் கணக்கில் சேராது.

பத்திரம் படிப்பதையே பாடமாக வையுங்கள். பணம் எடுக்கும் சீட்டு, பணம் கட்டும் சீட்டு, சேமிப்புப் புத்தகம் ஆகியவற்றில் தமிழில் அச்சிட்டவை பல வங்கிகளில் கிடைக்கும். வெற்றுச் சீட்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள்.


மறுமொழி 3
எழுதியவர்: தொடக்கப்பள்ளி ஆசிரியை, தேவகோட்டை வட்டாரம்

அம்மாவுக்கு வணக்கம். பெரியவர்களைப் பற்றி இராயவரத்து ஐயா எழுதியவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புத்தகத்தை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் பையன் சோம்பேறி அல்லன். எழுத்து கைவிட்ட இடத்தில் காதையும் நினைவையும் வைத்துச் சமாளிக்கும் கெட்டிக்காரன். கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக் கிடந்த மாதங்களில் எழுத்து அறிமுகமாக வேண்டிய வயதில் இருந்த பிள்ளைகள் பலர் இப்படியே மேல் வகுப்புகளுக்குப் போனார்கள். அதற்காகத்தான் 2021 இல் இல்லம் தேடிக் கல்வியும், 2022 இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பட்டன. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறோம். எழுத்தையே அறியாதவர் அரும்பு, எழுத்தும் எளிய சொல்லும் அறிந்தவர் மொட்டு, தம் வகுப்புக்குரிய பாடத்தைப் படிப்பவர் மலர் என்று பொதுவாகச் சொல்லலாம். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். மூன்றாம் வகுப்பா ஆறாம் வகுப்பா என்று பார்க்காதீர்கள். முன்பின் பார்த்திராத நான்கு வரிக் கதை ஒன்றைத் தனித்தனியாக அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். கதை வராவிட்டால் ஒரு வரி, வரி வராவிட்டால் சொல், சொல் வராவிட்டால் எழுத்து என்று இறங்கி வாருங்கள். எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்குங்கள். பிரதம் அமைப்பு 2005 முதல் ஊர் ஊராகப் போய் எடுக்கும் ‘அசர்’ கணக்கெடுப்பும் இதே ஏணியைத்தான் பயன்படுத்துகிறது. ஆறாம் வகுப்புப் பெண்ணை எழுத்துக் குழுவில் உட்கார வைக்கும்போது மற்றவர் எதிரில் அவள் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் பொறுப்பு. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தால் அந்தச் சாக்கில் தானும் கற்றுக்கொள்வாள்.

தமிழ் எழுத்தில் பிள்ளைகள் இடறும் இடங்கள் சில உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் கண் முதலில் காண்பது கொம்பை, பிறகு க, பிறகு கால். காதில் விழுவதோ ஒரே ஒலி. இடப்பக்கம் இருப்பதைப் பிறகு ஒலிக்க வேண்டும் என்பது பெரியவர்களான நமக்கு மறந்துபோன ஒரு கடினம். கு, சு, டு, து, மு, ரு என்று உகரம் ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு வடிவம் எடுக்கிறது. இதை விதியாகச் சொல்லிக் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் பழக்க வேண்டும். ஆகவே 247 எழுத்துகளையும் கட்டம் போட்டு ஒப்பிக்க வைப்பதைவிட, இருபது முப்பது எழுத்துகளைக் கொண்டு நூறு சொற்களைப் படிக்க வைப்பது பயன் தரும். நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என்ற அளவையும் சற்றுக் கவனமாகக் கையாளுங்கள். “வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்” என்பது தமிழில் ஒரே சொல்; பிள்ளைக்கு அது ஒரு மலை.

இன்னொரு தடை நம் மொழியின் இரட்டை வழக்கு. வீட்டில் “வந்துச்சு” என்று சொல்லும் பிள்ளை, புத்தகத்தில் “வந்தது” என்று பார்க்கிறது. எழுத்தைக் கூட்டிப் படித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உணர்வதில்லை. இதற்கு நான் செய்வது இது. பிள்ளையிடம் நேற்று என்ன நடந்தது என்று கேட்கிறேன். அது தன் வாய்மொழியில் சொல்வதை அப்படியே மூன்று வரி எழுதி, அதையே படிக்கச் சொல்கிறேன். தன் பேச்சு தாளில் இருப்பதைக் கண்ட பிள்ளைக்கு, எழுத்து என்பது தன் குரலைத் தாங்குவது என்று புரிந்துவிடுகிறது. ஒரு வாரம் கழித்து அதன் பக்கத்திலேயே எழுத்து வழக்கில் எழுதிக் காட்டுகிறேன். பெரியவர்களிடமும் இதைச் செய்து பாருங்கள். “பேசி அனுப்பினால் போதும்” என்ற அம்மாவின் குரல் செய்தியையே அவர் எதிரில் தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

ஒரே வகுப்பா, தனி வகுப்பா என்பதற்கு என் பதில்: கற்பது தனித்தனியாக, வாசிப்பது ஒன்றாக. தாய்க்குத் தெரியாததைப் பிள்ளை எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டால் தாய் மறுநாள் வரமாட்டார். ஆகவே முதல் 50 நிமிடம் பெண்கள் முகப்பில், பிள்ளைகள் உள்முற்றத்து வளவில் இருக்கட்டும். கடைசி 25 நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கதையைப் படியுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கின்றன. பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஓரிரு வரி, நம் ஊர்ப் பிள்ளைகள் பேசும் மொழி. புதிதாக எழுத்துக் கற்ற பெரியவர்களுக்கும் அவை நன்றாகப் பொருந்துகின்றன. திரையில் பாடல் ஓடும்போது அதே மொழியில் வரிகள் கீழே ஓடினால் பார்ப்பவர் தம்மை அறியாமல் படித்துப் பழகுவார் என்று பிரிஜ் கோத்தாரி 1996 இல் முன்வைத்த யோசனை 1999 இல் குஜராத் தூர்தர்ஷனில் சோதிக்கப்பட்டுப் பிறகு பல மொழிகளுக்குப் பரவியது. உங்கள் பெண்களுக்கு மனப்பாடமான பழைய பாடல்களை வரிகளோடு கைப்பேசியில் காட்டலாம். அந்தக் கைப்பேசி எழுத்துக்குப் பகையாக இருக்க வேண்டியதில்லை.


மறுமொழி 4
எழுதியவர்: குழுக் கணக்கு, அரிமளம்

ஆச்சிக்கும் எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் ஒருமுறை படித்துப் பார்த்திருக்கிறாள்.

நான் 1992 இல், பத்தொன்பது வயதில், அறிவொளியில் படித்தவள். அப்போது என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அவர் எழுதும் கடிதத்தைத் தபால்காரர் படித்துச் சொல்வார், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன் படித்துச் சொல்வான். புருசன் பெண்டாட்டிக்கு எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்பது எப்படி இருக்கும் என்று எழுதப்படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியாது. அவர் என்னிடம் மட்டும் சொல்ல நினைத்ததை அதனால் எழுதாமலே விட்டுவிடுவார். நான் கற்றது அதற்காகத்தான். நானே எழுதிய முதல் கடிதத்தில் நான்கு வரிதான் இருந்தது. “பணம் வந்தது. மாடு கன்று போட்டது. மாமாவுக்குக் காய்ச்சல். இதை நானே எழுதினேன்” என்று எழுதினேன்.

அவர் ஊருக்குத் திரும்பியதும் எழுத வேலையில்லாமல் போயிற்று. ஆறேழு வருடத்தில் பாதி எழுத்து மறந்துவிட்டது. பிறகு மகளிர் குழு ஆரம்பித்தபோது தீர்மானப் புத்தகம் எழுத ஆள் இல்லை. பத்தாம் வகுப்புப் படித்த பெண் எழுதி வந்தாள், அவளுக்குக் கலியாணம் ஆகிப் போய்விட்டாள். அந்தப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்கள். பயந்துகொண்டே எழுதினேன், எழுத எழுத எல்லாம் திரும்ப வந்தது. இருபது வருடமாக நான்தான் கணக்கு எழுதுகிறேன்.

பேசி அனுப்பினால் போதும் என்று சொன்ன அக்காவுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பேசி அனுப்புவதை வீட்டில் பத்துப் பேர் இருக்கும்போது சத்தமாகப் போட்டுத்தான் கேட்க வேண்டும். எழுத்தை நாம் மட்டும் படிக்கலாம். ஆச்சி, நின்றுபோனவர்களில் யாராவது குழுவில் இருந்தால், அந்தக் குழுவின் வரவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவர்களை எழுதச் சொல்லுங்கள். தப்பாக எழுதினால் எழுதட்டும், பக்கத்தில் ஒருவர் சரிபார்க்கலாம். புத்தகம் கையில் இருந்தால் நிற்கமாட்டார்கள்.


கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: கண்டனூர் முகப்பு வகுப்பு

எல்லோருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னவற்றில் சிலவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுத விரும்பினேன்.

கண் வலி என்றவர்களைச் சாக்குச் சொல்கிறார்கள் என்று எழுதியதற்காக வெட்கப்படுகிறேன். என் கண்ணாடியையே கழற்றி இருவருக்கு மாட்டிப் பார்த்தேன். அது அவர்களுக்கு உரிய அளவாக இருக்காது என்பது தெரியும்; ஆனாலும் அவர்களில் ஒருவர் ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் சுழியில் வேறுபாடு உண்டு என்பதை அன்றுதான் பார்த்ததாகச் சொன்னார். ஐந்து மாதம் நான் அவருக்கு அந்த இரண்டு எழுத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முகாம் நடக்கும் நாளை விசாரித்துவிட்டேன். பதினான்கு பேர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளில் 12 பேரையும் தனித்தனியாகப் படிக்க வைத்துப் பார்த்ததில், கதையைத் தடையில்லாமல் படித்தவர்கள் 3 பேர், வரி வரை வந்தவர்கள் 4 பேர், சொல்லோடு நின்றவர்கள் 3 பேர், எழுத்தில் நின்றவர்கள் 2 பேர். ஒப்பிக்கும் பையன் சொல்லில் நிற்கிறான். அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதிக் கொடுத்தேன்: “நேத்து ஊருணியில ஆமையப் பாத்தேன்.” அதை விரல் வைத்துப் படித்தான், மறுநாள் தானாக இன்னொரு வரி சொல்லி எழுதச் சொன்னான்.

முன்னாள் வங்கி எழுத்தர் சொன்ன செய்தியை நின்றுபோன 11 பேர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். நான்கு பேர் மறுபடி வருகிறார்கள். அவர்களில் ஒருவர் வரும்போது தம் வீட்டிலிருந்த கடன் அட்டையைக் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம், நானே படிக்கும் வரை பாடம் நடத்துங்கள் என்றார். அதில் உள்ள சொற்களை வைத்து இந்த வாரப் பாடத்தைத் தயாரித்திருக்கிறேன்: தவணை, அசல், வட்டி, மீதி, பிணையாளர். ‘தவணை’, ‘பிணையாளர்’ என்ற இரண்டு சொற்களிலும் ணை வருவதால் அவற்றைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

குரல் செய்தி அம்மா இன்னும் வரவில்லை. அரிமளத்து அம்மா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். நான்கு வரிக் கடிதத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார், வேறொன்றும் சொல்லவில்லை. அரிமளத்து அம்மா ஒருநாள் கண்டனூர் வர இயலுமானால், பேருந்துச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் வகுப்பு உண்டு. ஆசிரியை அவர்களிடம் ஒரு கேள்வி மீதம் இருக்கிறது: நுழை, நட நூல்களைப் பள்ளிக்கு வெளியே உள்ள எங்களைப் போன்றவர்கள் இரவல் பெறத் தலைமையாசிரியருக்கு எழுதிக் கேட்டால் போதுமா, அல்லது வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு எழுத வேண்டுமா?